முதல் தாள் இல்லாத புத்தகங்கள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் நூலகத்தில் புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மர அலமாரியில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு பழைய புத்தகங்களை அந்த அறைக்குத் தர ஒப்புக்கொண்டேன். அறைக்கு என் தந்தை மணியக்காரர் இருசப்பன் பெயரை வைத்து வாசலில் கல் பதிப்பது என்று முடிவாயிற்று. திறப்பு விழா மலருக்கு ‘எங்கள் வீட்டு நூல்கள்’ என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

கூட்டுறவுச் சங்கத் தலைவராகப் பல வருடம் தீர்மானங்கள் எழுதிய கை இது. கட்டுரை ஒரே காலையில் முடிந்துவிட்டது. தட்டச்சு செய்து உறையில் போட்டுவிட்டேன். ஆனால் ஒட்டவில்லை. கட்டுரையில் பொய் எழுதினால் அது பொய்யாகவே நிற்கிறது. கதை என்று பெயர் வைத்துக்கொண்டால் உண்மையை எழுத முடியுமோ என்று பார்க்கிறேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். வேறு பெருமை எதுவும் இதற்கு இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘உத்திரமேரூர் வட்டாரத்தில் வாசிப்பு என்றாலே மணியக்காரர் வீடு என்று சொல்லுமளவுக்கு என் தந்தையார்—’

[நிறுத்திவிட்டேன். என் தந்தை செய்தித்தாளைத் தவிர வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்: ‘காலப்போக்கில் இந்நூல்களின் முதல் தாள்களைக் கரையான் அரித்துவிட்டதால், பெயரோ ஆசிரியரோ அறியாமல்—’

[உறைக்குள் இருக்கும் கட்டுரையில் இந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களிலும் முதல் தாளை மட்டும் தின்னும் கரையானை நான் கண்டதில்லை.]

மூன்றாவதாகப் புத்தகங்களிலிருந்தே தொடங்குகிறேன். அவற்றைப் பற்றி நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

மேல் தட்டில் மாட்டு வைத்தியம். முழுக்கச் செய்யுள். கோமாரிக்கு மருந்து சொல்லும் பாட்டில்கூட எதுகை தவறாது. அதன் பக்கத்தில், பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய ஒருவரின் பயண நூல். பிறகு ஒரு நாடகம். அரசி கையில் கத்தியை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் பாடுவாள், குத்திக்கொள்ள மாட்டாள். நூறு இலைக்கு அளவு சொல்லும் சமையல் புத்தகம் ஒன்று. கதாநாயகி பதினெட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதும் நாவல் ஒன்று. பழம்பாட்டுக்கு ஓர் உரை உண்டு. உரைக்காரர் பாட்டைப் பற்றிச் சொல்வதைவிட, தனக்கு முன் உரை எழுதியவரைத் திட்டுவதுதான் அதிகம். வெள்ளைக்காரக் கடற்கதை ஒன்றைத் தமிழாக்கியவர், கப்பலில் இருப்பவர்களுக்கெல்லாம் முருகப்பன், வேலாயுதம் என்று பெயர் வைத்து நடுக்கடலில் இட்லி தின்னவிட்டிருக்கிறார்.

(ஓரக்குறிப்பு: சிலவற்றில் பக்கத்தின் தலையில் நூலின் பெயர் இருக்கிறது. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஒரு திருமண வீட்டில் ஒரு பேராசிரியர், பெரிய எழுத்தாளர் ஒருவரின் கதையைச் சொல்லிப் புகழ்ந்துகொண்டிருந்தார். பாதியிலேயே புரிந்துவிட்டது, அது எங்கள் அலமாரியில் இரண்டாம் தட்டில் எட்டாவது. நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தாள் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?)

3

அடுத்து ஏஞ்சல் வருகிறாள். ஊர்ப்புற நூலகர், காலனியைச் சேர்ந்தவள். இந்தக் கதையின் முதல் படியில் அவளைக் கொஞ்சம் துடுக்கானவளாக எழுதியிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதால் அடித்துவிட்டேன்.

பட்டியல் எடுக்க வந்தாள். ஏழெட்டுப் புத்தகங்களைப் புரட்டியவள், அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொன்றையும் நேராக நடுவில் திறந்தாள்.

“ஐயா, எல்லாத்துலயும் நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு சீல் கீது.”

“பழைய புஸ்தகம். யாராச்சும் குத்தியிருப்பாங்க.”

“எல்லாத்துலயுமா?”

ஊதா மையில் முட்டை வடிவ முத்திரை. ‘விடியல் வாசகசாலை, காலனி, 1957.’

“லைப்ரரில ரகசியப் பக்கம்னு ஒண்ணு வெப்போம் ஐயா. மொத தாளை எவனாச்சும் கிழிச்சிட்டாலும் புக்கு யாருதுன்னு தெரியணும் இல்ல? எங்க லைப்ரரிக்கும் ஒண்ணு கீது. எந்தப் பக்கம்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்” என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துப் பேனாவை மூடினாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லல. கல்லுல பேரு வெட்ட வியாயக்கெயம வரைக்கும் டைம் கீதாம். நீங்களே பாத்து ஒரு முடிவு சொல்லுங்க.”

[இந்த இடத்தில் ‘நான் அதிர்ந்துபோனேன்’ என்று எழுதியிருந்தேன்.]

4

நீங்கள் கேட்பீர்கள். இத்தனையையும் படித்தவன் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்காமலா படித்தான்? இந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் மாட்டு வைத்தியம், இட்லி என்று சுற்றி வந்தேன்.

எனக்குத் தெரியும். பதினான்கு வயதிலிருந்தே தெரியும்.

காலனியில் ஐசக் என்று ஒருவர் இருந்தார். மிஷன் பள்ளியில் படித்தவர். பகலில் எங்கள் நிலத்தில் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்தால் ஒரு கூரைக் கொட்டகையில் வாசகசாலை நடத்துவார். 1962இல், கூலியைப் பற்றிய அரசாங்க உத்தரவை அங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அந்தப் போகம் நடவுக்கு ஆட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். கொட்டகை நிற்பது புறம்போக்கில் என்று என் தந்தை கண்டுபிடித்தார். கிராமப் பதிவேடு அவர் கையில்தானே இருந்தது. ஒரு காலையில் கொட்டகையைப் பிரித்தார்கள். புத்தகங்கள் எங்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வந்ததாக ஊரில் சொல்லப்பட்டது. நானும் அப்படியே நம்பியிருப்பேன், நைனா என்னைக் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

“சீல் கீற தாளையெல்லாம் கிழிச்சுப் போடுடா” என்றார்.

எனக்குப் பதின்மூன்று வயது. நெல் அறையில் உட்கார்ந்து இரண்டு நாள் கிழித்தேன். சுத்தமாகக் கிழித்திருப்பதாக நைனா பாராட்டினார்.

அடுத்த வருடம் படிக்கத் தொடங்கினேன். முதலில் எடுத்தது பர்மா பயணம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த முத்திரை. கிழித்திருக்கலாம். ஆனால் அவர் வெள்ளத்தில் இறங்கி ஆற்றைக் கடப்பது அந்தப் பக்கத்தில்தான். கிழித்தால் அவர் அக்கரை சேர மாட்டார். கிழிக்கவில்லை. நைனாவிடம் சொல்லவும் இல்லை. அவர் சாகும்வரை அந்த அலமாரியில் ஒரு புத்தகத்தையும் திறக்காததால், அவருக்குத் தெரியவே இல்லை.

(ஓரக்குறிப்பு: பிறர் பொருளைக் கவர்ந்தவன் பெயரைக் குடவோலைக் குடத்தில் போடக்கூடாது என்று உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறது. பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நான் கூரையிலிருந்த புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

என் தந்தையைத் திருடர் என்று எழுதக் கை வரவில்லை. பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம் எங்கள் நெல் குதிர்களை ஊருக்குத் திறந்துவிட்டவர் அவர். காலனிக்கும்தான். அதையும் வாசகசாலையையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தேன்: ‘ஊருக்குச் சோறு போட்ட அவர், ஒருநாள் காலையில்—’

அதற்குமேல் போகவில்லை.

5

பெஞ்சமின், ஐசக்கின் மகன். என் வகுப்புத் தோழன். பிறகு எங்கள் நிலத்தில் வேலை செய்தவன். ஒரு படியில் அவனை அழவிட்டேன். இன்னொன்றில் என்னைச் சட்டையைப் பிடித்து உலுக்கினான். நடந்ததை எழுதுகிறேன்.

ஏரிக்கரையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தான்.

“பெஞ்சமின், ஒரு விஷயம் சொல்லணும். எங்க வூட்டுப் புஸ்தகம்—”

“எங்க வூட்டுப் புஸ்தகம்” என்றான், திரும்பாமலே.

“உனக்குத் தெரியுமா?”

“இன்னா கேள்வி கேக்கிறீங்க? அந்த சீல் குத்தும்போது மை தொட்டுக் குடுத்தவன் நானு. காலனி மொத்தத்துக்கும் தெரியும். உங்க வூட்டு மாட்டுக்கே தெரியும், அதுதான வண்டியை இஸ்துக்கினு வந்துச்சு.”

“அப்புறம் ஏன் கேக்கல, அறுவத்திரெண்டு வருஷமா?”

தழைக்கட்டைக் கீழே போட்டான்.

“கேட்டிருந்தா உங்க நைனா இன்னா பண்ணியிருப்பாரு? வெந்நீர் அடுப்புல வெச்சிருப்பாரு. எங்கப்பா பழையசீவரம் திருவியாவுல, பழைய பேப்பர் கடையிலன்னு ஒண்ணொண்ணா பொறுக்கினது. அவருதான் சொன்னாரு: ‘அது ஓட்டு வூடு, ஒழுகாது. அந்தப் புள்ள கெணத்து மேட்டுல குந்திக்கினு படிக்கிது, நான் பாத்தேன். அங்கியே கெடக்கட்டும், எவனும் வாயத் தொறக்காதீங்க’ன்னு. சாவுற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு வாட்டி கேப்பாரு, பொஸ்தகம் பத்திரமா கீதான்னு.”

நான் நிமிர்ந்தபடியே நின்றேன். வேறு மாதிரி நிற்கப் பழகவில்லை. எங்கள் குடும்ப மானத்தை நான் காத்துவருவதாக இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு காலனியே வாயை மூடிக்கொண்டு அதைக் காத்து வந்திருக்கிறது, அதுவும் எங்களுக்காக அல்ல.

“கல்லுல இன்னா பேரு போடறது, நீயே சொல்லு.”

“கல்லு உன் தலவலி” என்றான். ‘நீங்க’ போய்விட்டதை இருவருமே கவனித்தோம். “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதுல ஒரு துப்பறியும் கதை, பச்ச அட்ட. ஜமீன்தாரை எவனோ பால்ல வெஷம் வெச்சிக் கொன்னுடறான். பாதி படிச்சிக்கினு இருந்தேன், வண்டி வந்துடுச்சி. எவன்யா கொன்னது? எனக்கு அந்த டாக்டர் மேலதான் டவுட்டு.”

பதில் என் நாக்கு நுனிவரை வந்தது.

“எந்தப் பக்கத்துல வுட்டே?”

“எம்பத்தாறு.”

“நாளைக்கிப் புஸ்தகத்தைக் கொண்டாறேன். நீயே படி.”

“கண்ணு சரியா தெரியலியே. புரை.”

ஆடு ஒன்று தழைக்கட்டை இழுத்தது. அதை விரட்டக்கூட அவன் கை எழவில்லை.

“அப்ப நான் வந்து படிக்கிறேன்” என்றேன்.

“எங்க வூட்டுக்கா?”

“பின்ன, ஏரிக்கரையிலயா?”

6

இனி முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: உறையை ஒட்டி அனுப்புகிறேன். கரையான் தின்கிறது. என் தந்தையின் பெயர் கல்லில் ஏறுகிறது. ஏஞ்சல் யாரிடமும் சொல்ல மாட்டாள். பெஞ்சமின் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்.

(ஓரக்குறிப்பு: இங்கிருந்து ‘அவர்’ என்று எழுதுகிறேன். முன்பகுதிகளைத் திருத்தவில்லை. அங்கே நான் அப்படித்தான் இருந்தேன்.)

இரண்டு: இந்தக் கதையை அனுப்புகிறேன்.

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. இதைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். கல் வெட்டுகிறவரிடம் காலையில் ஒரு திருத்தம் சொன்னேன். ‘இந்நூல்களை வழங்கியவர்’ என்று இருந்ததை ‘இந்நூல்களைச் சேர்த்தவர்’ என்று மாற்றச் சொன்னேன். அதற்கு அடுத்த வரி காலியாக இருக்கிறது. நாளை வியாழன். என் கை அதை எழுதுவதற்கு முன் நீங்கள் நிரப்பிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எண்பத்தாறாம் பக்கத்தின் மூலையில் ஒரு மடிப்பு. என்னுடையது அல்ல, நான் புத்தகத்தை மடிப்பதில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கட்டைவிரலால் நீவி நேராக்கியிருக்கிறேன். யாருடையது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. கிளம்ப வேண்டும். ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று நீங்களும் கேட்பீர்கள். டாக்டரா, இல்லையா என்றுகூட இங்கே எழுதமாட்டேன். பெஞ்சமினுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிவது முறையில்லை.