பதினோராவது வரி

"அந்தப் பதினோராவது வரியை அடிச்சிடு."

மாமனார் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு மதிப்பீட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். சின்ன மருமகள் அதைத் தொடவில்லை. அஸ்திவாரப் பள்ளத்தில் மண் சரியாமல் இரண்டு பக்கமும் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் செலவு அந்த வரியில் இருந்தது.

"மாமா, அது குளத்தைத் தூர்த்த இடம். கம்பியைக் குத்தினா வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குதுன்னு கொத்தனாரே சொன்னார். ஒன்பது அடி ஆழம். பலகை இல்லாம ஆளை இறக்கக் கூடாது."

"முப்பது வருஷமா சதுர அடிக்கு இவ்வளவுன்னு போட்டுத்தான் கட்டியிருக்கேன். எந்தக் கட்டிடம் விழுந்துச்சு? இதைச் சேர்த்தா டெண்டர் கைவிட்டுப் போயிடும்."

சதுர அடிக் கணக்குக்குக் கட்டிடத்தின் பரப்பு தெரியும். அடியில் கிடக்கும் மண் தெரியாது. அவள் தோண்டும் மண், செங்கல், கம்பி, ஆள்கூலி என்று ஒவ்வொன்றாக அளந்து போடுவாள். படித்த படிப்பு அது. புருஷன் காய்ச்சலில் போய் ஏழு வருடம். அன்று முதல் இந்த வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து எல்லா மதிப்பீட்டையும் போட்டது அவள். கையெழுத்து போட்டது புருஷனின் அண்ணன், வீட்டுக்கு மூத்தவன். சம்பளம் என்ற பேச்சே எழுந்ததில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கவும் விட்டதில்லை. "புருஷன் இல்லாதவ அங்க போய் நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று மாமியார் வாயை அடைத்துவிடுவாள்.

மூத்தவன் பேனாவை எடுத்துத் தானே அந்த வரியை அடித்தான். "சோறு போட்டு வச்சிருக்கோம். அதை மறந்துட்டுப் பேசாதே."

டெண்டர் கிடைத்தது. பள்ளம் தோண்டத் தொடங்கிய நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கூலி வாங்க வந்த கொத்தனார் வாசலில் தயங்கி நின்றார்.

"அம்மா, பள்ளத்துக் கரையோரம் விரல் நுழையிற அளவு விரிசல் விட்டிருக்கு."

"நாளைக்கு யாரும் இறங்காதீங்கண்ணே."

"இறங்கலேன்னா வேற ஆள் வச்சுக்கிறேங்கறாரு பெரியவரு."

அவள் மாமனாரிடம் ஓடினாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கான்கிரீட் விழுந்தா எல்லாம் சரியாயிடும்."

மறுநாள் முற்பகலில் செய்தி வந்தது. மண் சரிந்து கொத்தனாரும், மண் சுமந்த ஒரு பெண்ணும் உள்ளே போய்விட்டார்கள். தோண்டி எடுத்தபோது இருவருக்கும் மூச்சு இல்லை.

விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். முன்னறையில் மாமனாரும் மூத்தவனும் கைகட்டி நின்றார்கள். பின்னறையை விட்டு வரக்கூடாதவளை மாமனார் அன்றைக்குத் தானே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; ஏழு வருடத்தில் வெளியாள் முன்னால் அவள் பெயர் அந்த வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், நாங்க படிக்காதவங்க. மதிப்பீடு பூரா போட்டது எங்க சின்ன மருமகதான். கையெழுத்து சும்மா பேருக்குத்தான். பலகைக்குப் பணம் ஒதுக்காம விட்டுட்டா."

மாமியார் கதவோரம் நின்று, ஒத்துக்கொள் என்பது போலக் கண்ணைக் காட்டினாள்.

அவள் முன்னறையில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாமனார் நின்றுகொண்டேயிருந்தார்.

"ஆமா சார், மதிப்பீடு போட்டது நான்தான். ஏழு வருஷமா இவங்க வாங்கின அத்தனை வேலைக்கும் நான்தான் போட்டேன். அதை முதல்ல எழுதிக்குங்க. பலகைக்கும் போட்டேன். அதை அடிச்சது யாருன்னு இப்ப சொல்றேன்."