எந்தக் கம்பெனி?

1

பாண்டிலட்சுமியின் கையில் துடைப்பம் இருந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. படத்தில் இருக்கிறது. படத்துக்கு வசனம் எழுதியவன் நான். திரும்பத் திரும்பப் பார்த்ததில் எது நடந்தது, எது எடுத்தது என்பது குழம்பிவிட்டது. இந்தக் கதை அந்தத் துடைப்பத்திலிருந்துதான் வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அச்சங்குளம் பக்கத்தில் ஓர் ஏழைக் குடும்பம்..."

(அடித்துவிட்டேன். படமும் அப்படித்தான் தொடங்கும்.)

குழந்தைகளுக்கான நகைச்சுவைப் படம். கஞ்சப் பண்ணையாரின் நாற்காலிக்கடியில் வாண்டுகள் வெடி வைக்கும் காட்சி. கூட்டத்தில் நிற்க உள்ளூர்ப் பிள்ளைகளைக் கேட்டோம். பாண்டிலட்சுமி தன் மகள் ஓவியாவுக்குத் தலைக்கு ஊற்றி, தீபாவளிச் சட்டை போட்டு, பவுடர் பூசி அனுப்பினாள்.

"ஏழைப் பிள்ளை மாதிரியே இல்லையே" என்றார் உதவி இயக்குநர். கன்னத்தில் புழுதி தேய்த்தார்கள். சட்டையின் கையைக் கிழித்தார்கள்.

3

வெடித்தது. (டமால் என்று எழுதலாம். குழந்தைகள் படம்தானே.)

சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் இந்தப் பக்கம் சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. பாண்டிலட்சுமியின் கணவர் தங்கப்பாண்டியன் அப்போது அதிலொன்றில் வேலையில் இருந்தார். அவள் செருப்பில்லாமல் தெருவில் ஓடிவந்தாள்.

"எந்தக் கம்பெனி? யாராச்சும் சொல்லுங்களேன், எந்தக் கம்பெனி?"

நாங்கள் சிரித்தோம்.

"சினிமாச் சத்தமா? அடப் பாவிகளா, உசுரு போயிட்டு வந்துச்சு!" அவளும் சிரித்தாள்.

"கேமராவுல சரியா விழலக்கா. இன்னொரு தடவை ஓடுறீங்களா?"

ஊருக்கு வந்தவர்கள் கேட்கிறார்களே என்று ஓடினாள். துடைப்பத்தை அவள் கையில் கொடுத்தது நான்தான் என்று

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

4

அவள் ஓட்டத்துக்குக் கோழி கொக்கரிக்கும் சத்தம் சேர்த்தார்கள். தியேட்டர் அதிர்ந்தது. பிறகு பள்ளிக்கூட வாசலில் ஓவியாவை அழைக்க அவள் போனபோதெல்லாம் ஒரே கூச்சல்.

"ஏலே, எந்தக் கம்பெனி வருதுலே! வழி விடுங்கலே!"

"யம்மா, இனிமே சத்தம் கேட்டாத் தெருவுல ஓடாதம்மா. ஒன்னயக் கும்புடுறேன்" என்றாள் ஓவியா.

"சரித்தா."

5

பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. நிஜச் சத்தம். தெருவே ஓடியது. பாண்டிலட்சுமி வாசல்வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

(இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அது கல்குவாரிச் சத்தம். அவர் அன்று லீவு. அவள் ஓடிவிட்டாள். மூன்றுக்கும் தியேட்டரில் கைதட்டல் விழும். கிழித்துப் போட்டேன்.)

பக்கத்து வீட்டு முத்துமாரி திரும்பி வந்து கையைப் பிடித்துக் கம்பெனிக்கு இழுத்துப் போவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. கதவைச் சாத்தும்வரை தங்கப்பாண்டியனுக்குப் பேச்சு இருந்ததாம்.

"லட்சுமி வந்துட்டாளா?"

6

முடிவு என்னிடம் இல்லை. யார் யார் என்ன ஆனார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தங்கப்பாண்டியன் போகும் வழியிலேயே இறந்தார். படம் தீபாவளிதோறும் டிவியில் வருகிறது. அந்தக் காட்சியில் நீங்களும் சிரித்திருப்பீர்கள். இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். வசனம் நான்தான். பாண்டிலட்சுமி வேறொரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போகிறாள். லீவு நாளில் கல்யாண வீட்டில் வெடி போட்டாலும், லாரி டயர் வெடித்தாலும் தெருவில் இறங்கி ஓடுகிறாள்.

ஓவியா ஒன்பதாவது படிக்கிறாள். அவளும் கூடவே ஓடுகிறாள்.