திருஷ்டிக் கீறல்

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. அவர் பங்குக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுத் தொலைத்தேன்.

கவரைப்பேட்டையில் எங்கள் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு கடைந்துகொண்டிருந்த மனுஷனிடம், மெட்ராஸ் கிளப்பில் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் மார்க்கராக இருந்த ஜோசப் ஒரு முறிந்த கோலைக் கொண்டுவந்தார். பச்சைத் துணி விரித்த மேஜையில் பந்தைக் குத்தி ஆடுவார்களே பில்லியர்ட்ஸ், அந்தக் கோல். சீமைச் சரக்கு. எழுபதுகளின் ஆரம்பம் அது. வெளிநாட்டுச் சாமானுக்கு ஏகப்பட்ட கெடுபிடி, புதுசு கிடைக்காது.

இவர் அதைப் பார்த்து ஒன்று கடைந்தார். சீமை மரத்துக்கு எங்கே போவது? மாட்டு வண்டிக்குப் போடும் சடச்சி மரத்தை எடுத்தார். அது வளைந்து கொடுத்தாலும் மறுபடி நிமிர்ந்துவிடும். பிடிக்குக் கருங்காலி வைத்து, கனத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். ஆடிப் பார்த்த ஜோசப், "மேஸ்திரி, இது அசலைத் தூக்கிச் சாப்ட்டுடுச்சு" என்றார்.

மவுண்ட் ரோடில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த மணவாளன் அதன்பிறகு ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டார். ஒரே நிபந்தனை. ஒவ்வொரு கோலிலும் சீமைக் கம்பெனிப் பேர் போட்ட தகடு இருக்க வேண்டும். செய்தவர் பேர் வெளியே வரக்கூடாது.

"நீ பெத்த புள்ளைக்கு எவன்யா இனிஷியல் போடறது?" என்று கத்தினேன்.

"பேரு இன்னாத்துக்கு? கோலு நேரா இருந்தா போதும்" என்றார்.

பொய். அடுப்புக்கு எடுத்த துண்டு மரம் ஒன்றில், காய்ச்சிய கம்பியால் தன் பேரைச் சுட்டு எழுதிப் பார்த்திருந்தார். என் கண்ணில் பட்டதும் அதைப் பிடுங்கி நெருப்பில் போட்டார். ஒரே ஒரு கோலிலாவது அந்தப் பேர் ஏறாதா என்று அன்றிலிருந்து தவித்தேன்.

ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. எங்கள் பட்டறையில் எந்தச் சாமானும் குறையில்லாமல் வெளியே போகாது. குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற மாதிரி, உளியால் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல் போடுவார். இல்லாவிட்டால் கண் பட்டுவிடுமாம். தொட்டிலுக்குப் போட்ட கீறலையே சீமைத் தகடு ஒட்டிய கோலுக்கும் போட்டார்.

சில வருஷம் போயிற்று. ஒருநாள் ஜோசப் பளபளவென்று ஒரு கோலோடு வந்தார். கிளப் டாக்டர் ஒருவர் லண்டனிலிருந்தே வாங்கி வந்ததாம்.

"அசல் சரக்கு மேஸ்திரி. ஆனா கிளப்புல எல்லார் கோல்லயும் உன் கீறல் இருக்கு. இதுல கீறல் இல்ல, டூப்ளிகேட்டுன்னு சிரிக்கிறாங்க. டாக்டருக்கு ஒரே பேஜாரு. ஒரு கீறல் போட்டு அனுப்பச் சொல்லி மணவாளன் சொல்லிட்டாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. கோலை உருட்டிப் பார்த்தார், முனையைத் தடவினார்.

"நல்ல கை. இது வேற ஒருத்தன் வேல, ஜோசப்பு. அதுல என் குறியப் போட நான் யாரு?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம்! "ஓகோ! அவன் வேலையில உன் கீறலு கூடாது. உன் வேலையில அவன் பேரு மட்டும் இருக்கலாமா?"

அவர் லண்டன் கோலைத் துணியில் சுற்றி ஜோசப்பிடமே கொடுத்தார். பிறகு மணவாளனுக்காக எடுத்து வைத்திருந்த கோலில் தகட்டை உளியால் நெம்பி எடுத்துவிட்டு, ஒரு கம்பியை நெருப்பில் காயப் போட்டார். எங்களுக்குச் சோறு போட்ட தகடு அது.

"கெளப்புல உண்மையச் சொல்லிடு" என்றார்.

"சொல்றேன். மணவாளன் இனி இந்தப் பக்கம் வர மாட்டாரு, பரவால்லியா?"

"போவட்டும்."

"செஞ்சது யாருன்னு கேப்பாங்களே. இத்தினி வருசமா மேஸ்திரின்னே கூப்ட்டுக்கினு இருக்கேன். உன் பேரு இன்னா?"

இவர் ஜோசப்பைப் பார்க்காமல் காய்ச்சிய கம்பியை எடுத்தார். தகடு இருந்த இடத்துக்கு மேலே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார்.

புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். கல்யாணமான நாளாக என் வாயில் அந்தப் பேர் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வேன்.

"பரசுராமன்" என்றேன். "எழுதுய்யா."