பதினொரு நொடி துடைத்தவன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. குவாபராவின் பொறாமையில் அல்ல, என்னுடையதில். ஒரு கால்பந்து வீரன் தரை துடைக்கும் காணொளியைத் தொண்ணூறு லட்சம் பேர் பார்த்த அதே வாரம், நான் இரண்டு வருடம் எழுதிய கதையை நாற்பத்தோரு பேர் படித்திருந்தார்கள். (அவர்களில் ஒருவன் நான்.)

இந்தப் பொறாமையைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

2

ஜப்பானின் தோயாமாவில் பனி கொட்டிய ஒரு காலை, குவாபரா

வேண்டாம். பனிக்கு இங்கே வேலையில்லை.

குவாபராவுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டாம் நிலை அணியொன்றின் மாற்று கோல்கீப்பர். வெளியூர் ஆட்டம் முடிந்து எல்லோரும் பேருந்துக்குப் போனபின், உடைமாற்றும் அறையைத் துடைத்து, பலகையில் ‘நன்றி’ என்று எழுதி விளக்கை அணைப்பார். பன்னிரண்டு வருடமாக. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அது விளம்பரம்.

அன்று அவர் வாளித் தண்ணீரைக் கொட்டப் போயிருந்தார். மறந்துவிட்ட முழங்கால் பட்டையைத் தேடி ஹயாசே வந்தான். அதே அணி வீரன், இருபத்திரண்டு வயது, அழகன். தரையில் கிடந்த ஈரத்துணியை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தான். வாசலில் நின்ற மைதான ஊழியர் படமெடுத்துவிட்டார்.

3

காணொளி பரவும் விதம் அழகானது. முதலில் சில நூறு பேருக்குக் காட்டப்படும். அவர்கள் கடைசிவரை பார்த்தால் சில ஆயிரம் பேருக்கு. இது பதினொரு நொடிதான், எல்லோரும் கடைசிவரை பார்த்தார்கள். முடிந்ததும் தானே மறுபடி ஓடும், அதுவும் கணக்கில் சேரும். (என் கதை மறுபடி ஓடாது.)

4

ஹயாசே நேர்மையானவன். பேட்டியில் உடனே மறுத்தான்.

“அது நான் இல்லைங்க. குவாபரா அண்ணன்தான் துடைப்பாரு.”

இங்கே புகழ்ந்தால் மறுப்பதுதான் மரியாதை. எனவே உண்மையான மறுப்புக்கென்று தனி முகம் கிடையாது. நிருபர் நெகிழ்ந்து குனிந்து வணங்கினார். “என்ன பணிவு! பேரைக்கூட மூத்தவருக்கு விட்டுக்கொடுக்குறான்” என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள்.

பேருந்தில் ஹயாசே குவாபராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, நான் உண்மையத்தாண்ணே சொன்னேன்.”

“தெரியும்டா. அதான் எரியுது. பொய் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டுத் தூங்கியிருப்பேன்.”

“ரெண்டு பேரும் சேந்து ஒரு வீடியோ போடுவோமா?”

“போடு. ‘ஹயாசே பக்கத்துல நிக்கிற கிழவன் யாரு’ம்பானுங்க.”

5

குவாபராவை ரொம்ப நல்லவராக்கிவிட்டேன். ஒன்றை மறைத்தேன்: பன்னிரண்டு வருடமும், துடைக்கும்போதெல்லாம், வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று அவர் காது கொடுத்திருந்தார்.

6

அடுத்த வெளியூர் ஆட்டம். இப்போது வாசலில் கேமராக்காரர். ஹயாசே துணியை இரண்டு கையாலும் நீட்டுகிறான்.

“நீங்க துடைங்கண்ணே. எல்லாரும் பாக்கட்டும்.”

வாங்கினால், பையனைப் பார்த்துக் கிழவரும் திருந்தினார் என்பார்கள். வாங்காமல் போனால், பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பெஞ்சுக்கடியில் மண் கிடக்கும். அவர் துணியைப் பார்க்கிறார், பிறகு கேமராவை, பிறகு

கேமராவை அணைக்கச் சொல்கிறார் என்று எழுத ஆசை. ஆனால் அப்படியென்றால் நானும் வெளியேற வேண்டும், நீங்களும்தான்.

சரி, வாருங்கள். கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே துடைக்கும் சத்தம் கேட்டால், தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

என்னிடம் மட்டும் சொல்லுங்கள். கேட்கிறதா?