மூன்று விரல் கட்டை

எனக்கு ஒரு நாத்தனார் இருக்கிறாள். அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், நேரத்துக்கு வருவாள் என்று சொல்வேன். மற்றபடி எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். என் வீட்டுக்காரர் போன பிறகு, "அண்ணி சரியாப் பாத்துக்கல" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்ன வாய் அது. நான் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

சனிக்கிழமை காலை மட்டும் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே நிற்போம். பழைய தபால் நிலையத்தின் பின்கட்டில் எங்கள் சைக்கிள் ரிப்பேர் சங்கம். வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை, வேலை செய்கிற எங்களுக்கும் சம்பளம் கிடையாது. தலைவி அவள்தான். பிறகு நான் ஏன் போகிறேன் என்றால், இருபத்தாறு வருஷம் துணி ஆலையில் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த கை இது. ஓய்வு கொடுத்த பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதோடு, கோணிய சக்கரத்தை நிமிர்த்த என் நாத்தனாருக்கு வராது, எனக்கு வரும். அவள் கண்ணெதிரே அதைச் செய்வதில் ஒரு தனி சுகம். அவள் என்னை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, என்னைவிடப் பத்து வயது மூத்த தாடிக்காரர் உட்பட அங்கே வருகிற எல்லாருக்கும் நான் அண்ணியாகிவிட்டேன்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத சைக்கிளைக் கொடுக்கிறவர்கள் உள்ளே வந்து பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். கேட்டில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பூட்டு இல்லாமல் கேட்டில் சாய்ந்திருந்தால் அது எங்களுக்குக் கொடுத்தது. ஓட்டத் தேறினால் சரிசெய்து யாருக்காவது தருவோம். தேறாவிட்டால் பிரித்து, நட்டு ஒரு டப்பா, செயின் ஒரு டப்பா என்று போட்டு வைப்போம். பிரிக்கிற வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு முழு சைக்கிளைப் பதினெட்டு நிமிஷத்தில் வெறும் எலும்பாக்கிவிடுவேன்.

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்குக் கேட்டில் ஒரு பச்சை வண்டி. பூட்டு இல்லை. பெயின்ட் பாதி உரிந்திருந்தது. இடது பெடலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெடல் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, இரண்டு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள்.

"எந்த மேதாவி செஞ்ச வேலை இது? சைக்கிள்ல பலகை வெச்சு உக்காந்து சாப்பிடப் போறாங்களா?" என்றேன்.

தாடிக்காரர் சிரித்தார். என் நாத்தனார் சிரிக்கவில்லை.

"அண்ணி, ஒரு மணி நேரம் விட்டு வைங்க. யாராவது வந்தாலும் வருவாங்க," என்றாள்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் டீ குடிக்கப் போயிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அவள் சொன்னதால்தான் ஸ்பேனரை எடுத்தேன். முன்கூடையில் ஒரு துணிப்பை இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? கொடுத்தவர்கள் மறந்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பையை மேஜைக்கடியில் தள்ளினேன். மரக்கட்டையின் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது, திரும்பவில்லை. சுத்தியலால் ஒரே போடு. கட்டை நடுவில் பிளந்து இரண்டாக விழுந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ஒருத்தி கேட்டருகே வந்து நின்றாள். கையில் எதிர் கிளினிக்கின் மருந்துக் கவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நீல நிறச் சீருடை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்கள் போடுவது. இடது கால் வலது காலைவிடக் குட்டை. அந்தக் காலை நுனி மட்டும் ஊன்றி நின்றாள். கேட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு உள்ளே என் மேஜையைப் பார்த்தாள். பச்சை ஃபிரேம் மட்டும் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என் வண்டி," என்றாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "பூட்டாம வெச்சா எப்படிம்மா? ஒண்ணுமே இல்லாம அனாதையா நின்னுச்சு."

"பூட்டு போன வாரம் திருட்டுப் போச்சு. சைக்கிள் ரிப்பேர் பண்றவங்க வாசல், இங்க வெச்சா பத்திரமா இருக்கும்னு வெச்சேன்." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒண்ணுமே இல்லையா? கூடையில என் பை இருந்துச்சே?"

என் நாத்தனார் குனிந்து, மேஜைக்கடியிலிருந்து பையை எடுத்து அவளிடம் நீட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"ஒரு மணிக்கு நான் ஒரு வீட்டுல இருக்கணும். படுத்த படுக்கையா ஒரு பாட்டியம்மா. இந்த மருந்தும் அவங்களுக்குத்தான். அவங்க பொண்ணு ஒண்ணு அஞ்சுக்கு வேலைக்குக் கிளம்பணும். ஏற்கனவே ரெண்டு தடவை லேட்டு. மூணாவது தடவைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அந்த வீடு போச்சுன்னா என் வேலையில பாதி போச்சு," என்றாள் நர்ஸ்.

"போன் பண்ணிச் சொல்லலாமே," என்றார் தாடிக்காரர்.

"பண்ணா 'வரவே வேண்டாம்'னு வெச்சிடுவாங்க. அவங்களும் என்ன பண்ணுவாங்க? அம்மாவ தனியா விட்டுட்டுப் போக முடியுமா?"

அந்த வீட்டுக்குப் போகிற பெரிய சாலையைக் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸும் காரும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சைக்கிளுக்கு மட்டும் ஓரமாக வழி விட்டிருந்தார்கள்.

"இங்க இருபது வண்டி நிக்குது. எதையாவது எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

அவள் தன் இடது காலைக் காட்டினாள். "எதுல இந்தக் கால் எட்டும், சொல்லுங்க."

"சரி, என் வண்டியில பின்னாடி உக்காருங்க. நானே கொண்டுபோய் விடறேன்."

"நாலு மணிக்கு அங்கேருந்து அடுத்த வீட்டுக்குப் போகணும். அதுக்கும் வந்து நிப்பீங்களா? உங்க பின்னாடி நான் உக்கார மாட்டேன். பிரிச்சீங்கல்ல? மாட்டுங்க."

மாட்டினேன். என் ஜென்மத்தில் அப்படி வேர்த்ததில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நட்டையும் கண்ணால் எண்ணினாள். என் நாத்தனார் டப்பா டப்பாவாகத் தேடி அந்த வண்டியின் சாமானைப் பொறுக்கிக்கொண்டு வந்து வைத்தாள். "இது அதோட செயின் இல்ல," என்று நர்ஸ் சொல்ல, மறுபடி போய் வேறு எடுத்து வந்தாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறாத குறை.

"நான் சொன்னேன், ஒரு மணி நேரம் விடுங்கன்னு," என்றாள் நாத்தனார்.

"இப்போ அதச் சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் வராதா?"

"வராது."

"சண்டைய அப்புறம் போடுங்க," என்றாள் நர்ஸ். "எனக்கு நேரமாகுது."

பன்னிரண்டரைக்குள் சக்கரம், பிரேக், செயின் எல்லாம் ஏறிவிட்டது. மிச்சம் அந்தக் கட்டைதான். பிளந்த துண்டுகளை அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத நானே செதுக்கினது. ஒரு மாசம் ஆச்சு, ஒசரம் சரியா வர. கூடப் போனாலும் இடுப்பு விட்டுப்போகும், கொறஞ்சாலும் விட்டுப்போகும்."

"எவ்வளவு ஒசரம்?"

"மூணு விரல்."

உடைந்த நாற்காலியின் கால் ஒன்று மூலையில் கிடந்தது. எடுத்து, என் மூன்று விரலைப் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்தேன். இரண்டு ஓட்டை போட்டு பெடலில் முறுக்கி, பெடலை வண்டியில் மாட்டினேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ், இடப்பக்கம் திருப்பித்தான் இறுக்க வேண்டும். அவசரத்தில் புதுசாக வருகிறவர்கள் தப்பாகத் திருப்பி மரையைத் தின்றுவிடுவார்கள். நான் அதில் தப்பு செய்யவில்லை என்று மனசுக்குள் ஒரு பீத்தல்கூட வந்தது. என்ன சொல்ல!

பன்னிரண்டு நாற்பத்தெட்டு. அவள் ஏறி இரண்டு மிதி மிதித்தாள். முகம் சுண்டிப்போனது.

"ஒசரம் ஜாஸ்தி."

"இறங்குங்க, சீவித் தர்றேன்."

"எங்க நேரம் இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒவ்வொரு மிதிக்கும் அவள் இடுப்பு இடது பக்கம் தூக்கித் தூக்கி விழுந்தது. அடுப்பில் வைத்த பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்ததுபோல எனக்கு உள்ளே சுரீர் என்றது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் நாத்தனார் என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன உக்காந்துட்டீங்க? போங்க."

"எங்க?"

"அந்த வீட்டுக்கு. இந்த இடுப்போட அவ ஒரு மணிக்குப் போய்ச் சேர மாட்டா. லேட்டானதுக்குக் காரணம் யாருன்னு நீங்க போய்ச் சொல்லுங்க. நான் போய்ச் சொல்ல மாட்டேன். நான் பிரிக்கல." குரலைத் தாழ்த்தினாள். "தப்பு பண்ணேன்னு ஒரு தடவையாவது உங்க வாயால வரட்டும் அண்ணி. எங்க யார்கிட்டயும் வேண்டாம். அவளுக்காகவாவது."

ஆத்திரம் தலைக்கேறியது. அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. கேட்க ஆரம்பித்தால் மணி ஒன்றாகிவிடும். அரத்தையும் ரம்பத்தையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியை எடுத்தேன்.

தோண்டிய சாலையின் பாதியில் அவளைப் பிடித்துவிட்டேன். அவள் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள், மறுபடி ஏறி மிதித்தாள், மறுபடி இறங்கினாள். நான் பின்னாலேயே வருவது தெரிந்தும் திரும்பவில்லை. கூப்பிட்டுப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

வீட்டு வாசலை அடைந்தபோது ஒன்று ஒன்பது. பாட்டியம்மாவின் மகள் கைப்பையோடு படியில் நின்றிருந்தாள்.

"வேண்டாம். ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் நர்ஸிடம். "பக்கத்து வீட்டு அக்காவ வரச் சொல்லிட்டேன். நாளையிலேருந்து வேற ஆளு வருவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு கதை கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கதைய நான் சொல்றேன்," என்றேன்.

"நீங்க யாரு?"

"இவங்க வண்டியப் பிரிச்சவ. இவங்க நேரத்துக்குக் கிளம்பினவங்க. உங்க அம்மாவுக்கு மருந்து வாங்கத்தான் வண்டிய எங்க வாசல்ல வெச்சிருந்தாங்க. கூடையில பை இருந்துச்சு, பாத்தேன். ஆளு வருவாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். விட்டு வைன்னு சொன்னாங்க, கேக்கல. இன்னொருத்தி சொல்லி நான் கேக்கறதான்னு வீம்பு. அப்புறம் பெடல் கட்டையையும் தப்பா செஞ்சேன், அதனாலதான் இவங்களால மிதிக்க முடியல. தப்பு முழுக்க என்னோடது. இவங்க மேல ஒரு துளி இல்ல."

அந்த மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கையில் கிரீஸ், புடவையில் மரத்தூள். பிறகு நர்ஸின் கையிலிருந்த மருந்துக் கவரைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் சேவை பண்றவங்களா?" என்றாள் என்னிடம். "நல்லா பண்றீங்க போங்க."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவள் நர்ஸிடம், "உள்ள போங்க. அம்மா இன்னும் சாப்பிடல. அக்காவ வேண்டாம்னு சொல்லிடறேன். இனிமே ஒரு நிமிஷம் லேட்டானாலும் யாரு வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நர்ஸ் இரண்டு படி ஏறினாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? பொய் சொல்வானேன், கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"வேலை தப்பிச்சிடுச்சுன்னு பெருமையா வீட்டுக்குப் போயிடாதீங்க," என்றாள். "கோணலா இருந்தா வேஸ்ட்டுன்னு நெனைக்கிறவங்கள எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். என்னையும் அப்படித்தான் பாத்தாங்க. நீங்க கொஞ்சம் வேகமா பிரிச்சீங்க, அவ்வளவுதான்."

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. மேதாவி என்று நான் சிரித்தது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டாள்.

"பெடல சரி பண்ணுங்க. நாலு மணிக்கு நான் கிளம்பணும்."

"மூணு விரல்னு சொன்னீங்க, அப்படித்தானே..."

அவள் படியிறங்கி வந்து, என் மூக்குக்கு நேரே மூன்று விரலைச் சேர்த்து நீட்டினாள். மெலிந்த விரல்கள். என் விரல் இரண்டு சேர்ந்தால் அவளுடைய மூன்று.

"என் விரல். உங்க விரல் இல்ல."

கட்டையைக் கழற்றி அவள் விரலோடு சேர்த்துப் பிடித்தேன். பென்சிலால் கோடு போட்டேன். கோடு சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடைபாதையில் உட்கார்ந்தேன். ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, கோட்டுக்கு மயிரிழைகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல் இழைத்தேன். பதினெட்டு நிமிஷத்தில் வண்டியைப் பிரிக்கிறவளுக்கு அந்த ஒரு கட்டைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வெயில் முதுகில் ஏறியது. போகிறவர் வருகிறவர் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

நாலு மணிக்கு அவள் வெளியே வந்தாள். கட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஏறினாள். நான் எழுந்து நின்றேன்.

தெரு முனை வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இடுப்பு தூக்கவில்லை, நேராகப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை.