கஞ்சி ஆவியில் நின்றவர்கள்

பச்சைத் தேயிலை கிலோ நான்கு ரூபாய்க்கு இறங்கிய வருடம், மலையில் பிக்கட்டி ஊருக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தில் தெய்வம்மாவின் கஞ்சிப் பானையிலிருந்து எழுந்த ஆவி ஆள் உருவில் நிற்கத் தொடங்கியது. அன்றைய கஞ்சியை யார் குடிக்கப்போகிறார்களோ அவர்கள் நிற்பார்கள். முகம் தெரியாது, நிற்கிற விதம் தெரியும். கணவன் தங்கவேலு இடது தோளைத் தாழ்த்தியபடி நிற்பான். அவனுக்குப் பக்கத்தில் தெய்வம்மா, இடுப்பில் கைவைத்து. லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு ஈர விறகாக இருக்கும் என்றார்கள். காய்ந்த விறகு வைத்தும் ஆட்கள் நின்றார்கள். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

ஃபேக்டரி பூட்டப்பட்டுப் பத்து மாதமாகியிருந்தது. வாங்க ஆளில்லாத கொழுந்தைத் தெய்வம்மா உள்ளங்கையில் கசக்கி, இரும்புச் சட்டியில் வறுத்துத் தேத்தண்ணி போட்டாள். சீனி இல்லை, வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். கேத்தியில் கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்ததென்று ஒதுக்கியதைப் பொறுக்கி வந்து குருணையோடு வேகவைத்தாள். முட்டைக்கோஸின் முற்றிய மேல் இலையைப் பொடியாக அரிந்து மைதாவில் பிசைந்து, தேங்காய் இல்லாமலே ரொட்டி சுட்டாள். சிலோனில் பிறந்து, பதினாறு வயதில் கப்பலேறி வந்தவள் அவள். எதைக் கொண்டும் ஒருவேளையைச் சமாளிக்கக் கை பழகியிருந்தது. ஆவியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணித் தண்ணீர் ஊற்றுவாள். யாரும் பசியோடு திரும்பியதில்லை.

அவள் பயப்படத் தொடங்கியது ஆடி மாதத்தில். அடுத்த வீட்டுப் பழனியாண்டி ஒருநாள் காலை ஆவியில் நின்றார், எப்போதும்போல முதுகைச் சொறிந்துகொண்டு. தெய்வம்மா ஒரு டம்ளர் அதிகமாக வைத்தாள். அவர் வரவில்லை. கூப்பிடப் போன தங்கவேலு, படுத்த நிலையிலேயே அவர் விறைத்துக் கிடந்ததைக் கண்டான். விடியும் முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் யாருமில்லாததால், தெய்வம்மாவின் கஞ்சியைத்தான் இலையில் ஊற்றி அவர் முன்னால் படைத்தார்கள். ஆக, ஆவி பொய் சொல்லவில்லை. உயிரோடு வருகிறவர், இல்லாமல் வருகிறவர் என்று அது பிரித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசிக் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆவியில் மூன்று பேர் நின்றார்கள். மூன்றாவது ஆள் ஜடையை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர்களுடைய மகள் கோகிலவாணி. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் எட்டு மாதமாகிறது. வருவதாகக் கடிதம் எதுவும் இல்லை.

"புள்ள வாரா போல," என்றான் தங்கவேலு, முழங்கால் வீக்கத்தை அமுக்கிக்கொண்டே.

தெய்வம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். "பழனியாண்டி அண்ணனும் இப்படித்தானே வந்தாரு."

அரைமணி நேரத்தில் பால் ஜீப்காரர் ஜஸ்டஸ் லயத்து வாசலில் நிறுத்திச் சத்தம் போட்டுச் சொன்னார். மரப்பாலத்துக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்துவிட்டது, திருப்பூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் மாறி ஏறுகிற மேட்டுப்பாளையத்து முதல் பஸ் அதில் மாட்டிக்கொண்டது. தங்கவேலு எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தான். தெய்வம்மா அவனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மீதிக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக் கம்பளியால் சுற்றினாள். "எங்க இருக்காளோ அங்கயே கொண்டுபோய்க் குடுக்குறேன்," என்றாள். "உயிரோட இருந்தா குடிக்கட்டும்." வாளியை இடுக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

குன்னூர் பஸ்ஸில் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு சாண் உயரத்தில் மகள் நின்றாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார். "பொண்ணுங்களா?" என்றார்.

"ஆமாங்க. திருப்பூர்ல இருந்து வாரா."

"மூடி வைங்க, ஆறிப்போயிரும்," என்று சொல்லிவிட்டு ஒரு டிக்கெட் மட்டும் கிழித்தார்.

ஆறத்தான் செய்தது. குன்னூரில் வேறு பஸ் மாறியபோது உருவத்துக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை. காட்டேரி தாண்டும்போது இடுப்பு வரை போயிருந்தது. பஸ் மரப்பாலத்தோடு நின்றுவிட, தெய்வம்மா இறங்கி மழையில் மூடியை விலக்கினாள். ஜடையைப் பிடித்த இரண்டு கை மட்டும், ஒரு விரல் உயரத்துக்கு, கலங்கலாகத் தெரிந்தது. அவசரமாக மூடினாள்.

ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த யூனிஸ் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். தூக்குவாளியை வாங்கிக் கொதிக்கிற அண்டாத் தண்ணீருக்குள் இறக்கினாள். "எத்தனை பேருங்க செத்தாங்க?" என்று கேட்டாள் தெய்வம்மா. "ரெண்டுன்னு சொல்றாங்க. ஒண்ணுன்னும் சொல்றாங்க. நீங்க போய்ப் பாருங்க அக்கா. கயிறு கட்டியிருக்காங்க, அதைப் புடிச்சே போங்க." வாளி சூடேறியதும் கோகிலவாணி மறுபடி முழுசாக நின்றாள். ஆனால் அதில் தெய்வம்மாவுக்கு ஆறுதல் இல்லை. செத்தவர்களும் முழுசாகத்தான் நிற்பார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் சரிவைக் கடந்தாள். மறுபக்கத்தில் பஸ் மலைப்பக்கமாகச் சாய்ந்து, ஜன்னல் வரை மண்ணில் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் ரோட்டில் நீல நிறத் தார்ப்பாய் போட்டு ஒருவரை மூடியிருந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தெய்வம்மா மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்து, மெதுவாக, தார்ப்பாயை நோக்கிச் சாய்ந்தது. மகள் அந்தப் பக்கமாக ஒரு எட்டு வைப்பதுபோல இருந்தது. தெய்வம்மா அங்கேயே நின்றாள். ரோட்டு வேலை ஆள் ஒருவர் வந்து, "யாரைத் தேடுறீங்கம்மா?" என்று கேட்டார். அவள் தார்ப்பாயைக் காட்டினாள். அவர் ஓரத்தைத் தூக்கினார். நரைத்த மீசை வைத்த, வேட்டி கட்டிய ஒரு பெரியவர். தெய்வம்மா வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, தான் சந்தோஷப்படுவது தெரிந்து அதற்கும் பயந்தாள்.

கோகிலவாணி தார்ப்பாய்க்கு அப்பால், கொஞ்சம் கீழே, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் ஆர்டர் நின்று லீவு விட்டுவிட்டார்கள். வழிக்கு அவள் கொண்டுவந்தது ஒரு பொட்டலம் அவலும் நாலு கடலை மிட்டாயும்தான். மிட்டாயைக் கல்லில் தட்டி, அவலை பஸ் கூரையிலிருந்து வடிந்த மழைத்தண்ணியில் நனைத்து, இரண்டையும் பிசைந்து, டிபன் மூடியில் வைத்துக் குழந்தைகளுக்கும் வாந்தியெடுத்துச் சோர்ந்தவர்களுக்கும் உருண்டையாகக் கொடுத்து முடித்திருந்தாள். அவளுக்கு மிஞ்சவில்லை. உடம்பெல்லாம் சேறு. ஜடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கூப்பிட்டபோது உடனே திரும்பவில்லை.

தெய்வம்மா அவளைத் தொடவில்லை. தொட்டால் உடம்பு விறைத்திருக்குமோ என்று பயமாக இருந்தது. வாளியைத் திறந்து முன்னால் நீட்டினாள். ஒரு சாண் ஆவி உயர்ந்து வளர்ந்தது; அதில் நின்றவளும் எதிரே உட்கார்ந்திருந்தவளும் இப்போது ஒரே அளவில் இருந்தார்கள். கோகிலவாணி குனிந்து ஒரு வாய் குடித்தாள். உடனே துப்பினாள்.

"ஏம்மா இப்படிச் சுடச்சுடக் குடுக்குற? நாக்கு வெந்துபோச்சு!"

தெய்வம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "ஊதிக் குடி," என்றாள். "ஊதிக் குடி, தங்கம்."

மூன்றாம் நாள் ரோடு திறந்தது. கோகிலவாணி திருப்பூருக்குத் திரும்பவில்லை. தேயிலை விலையும் ஏறவில்லை. லயத்துக்காரர்கள் காலையில் வேலை தேடிப் போகிற வழியில் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னிக்கு யார் யாரு?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று. தெய்வம்மா எண்ணிச் சொல்வாள். கார்த்திகையில் ஒரு காலை, தங்கவேலுவுக்கும் மகளுக்கும் தனக்கும் பக்கத்தில் நாலாவதாக ஒருவர் நின்றார். உயரமானவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். லயத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. தெய்வம்மா வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு பானையில் இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.