பங்காளியின் ஜோடிகள்

பங்காளியுடன் ஜோடி சேர்ந்து டென்னிஸ் ஆடியவர்கள் எல்லோரும், ஆட்டம் முடியும்வரை, தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில்தான் நின்றார்கள். பதினாறு வருடத்தில் இருபத்திரண்டு பேர். அவர்களில் குண்டானவர் உண்டு, ஒல்லியானவர் உண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு திரிந்தவரும் உண்டு. எல்லோருக்கும் அதே நான்கு விரற்கடைதான். முதல் முறை இது நடந்தபோது நடுவர் உயர நாற்காலியிலிருந்து இறங்கிவந்து, சர்வ் போடுபவரின் ஷூவுக்கு அடியில் ஒரு பந்தை உருட்டிப் பார்த்தார். அது எங்கும் தட்டாமல் மறுபக்கம் போனது. கோட்டை மிதித்தால்தான் தவறு, இவர் எதையுமே மிதிக்கவில்லையே என்று விதிப் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். ஷூ கம்பெனிக்காரர்கள்தான் நொந்துபோனார்கள். அடிப்பாகம் தேயாத காலுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

பதினெட்டு வயதிலேயே ஒற்றையர் ஆட்டத்தை விட்டு, எனக்குப் பாதி மைதானம் போதும் என்று சொன்னதால் அவருக்குப் பங்காளி என்று பெயர் வந்தது. அவர் மிதந்ததில்லை. வலைக்கு முன்னால் குனிந்து நின்று, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டி, பின்னால் நிற்பவர் எங்கே சர்வ் போட வேண்டும் என்று சொல்வார். மிதப்பவர்கள், மற்றவர்களுக்கு எட்டாத பந்துகளை எல்லாம் எட்டினார்கள். சில மாதங்கள் ஆடிக் கோப்பைகள் சேர்ந்ததும், இந்த வித்தை தங்களுடையதுதான் என்று நம்பி ஒற்றையர் ஆட்டத்துக்குக் கிளம்பிப் போனார்கள். அங்கே மற்ற எல்லோரையும் போலத் தரையில் நின்று முதல் சுற்றிலேயே தோற்றார்கள். சிலர் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். பங்காளி ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். முப்பத்தோரு கோப்பைகள் வாங்கிய அவருக்குச் செம்மண் ஆடுகளத்தில் நடக்கும் பெரிய கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. நான்கு முறை இறுதி ஆட்டத்தில் கைநழுவிப் போயிருந்தது.

மிதப்பவர்களின் எடை எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை, அவர் மனைவியைத் தவிர. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அந்த அம்மாவின் வேலை. ஒருநாள் பயிற்சிக்கு நடுவே எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து வைத்தார். ஜோடிக்காரர் ஏறியபோது முள் அசையவில்லை. எழுபத்தெட்டுக் கிலோ இருக்க வேண்டிய பங்காளி நூற்று ஐம்பத்தொன்று இருந்தார். அன்று மாலையே அவரைப் படுக்கவைத்து முழங்கால்களைப் படம் எடுத்து, அந்தப் படத்தைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம்.

"இன்னும் ஒரு வருஷம் இப்படியே சுமந்தீங்கன்னா மாடிப்படி ஏற முடியாது. அவங்ககிட்ட சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா கீழ குனிஞ்சு என் காலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் பந்த யாரு பாக்குறது?"

அவர் பிடிவாதம் அந்த அம்மாவுக்குத் தெரியாததல்ல. பெரிய கோப்பைக்கு இன்னும் ஒரே முறை, ஜெயித்தாலும் தோற்றாலும் அதோடு சரி என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

கடைசி ஜோடி நெட்டை. இருபத்துநான்கு வயது, தொண்ணூற்றாறு கிலோ, ஓயாத வாய். அவனும் பங்காளியும் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு செட் ஆன பிறகு, வழக்கம்போல மண்ணைச் சமன்செய்ய மைதானப் பணியாளர் பாயை இழுத்துக்கொண்டு வந்தார். நெட்டை நின்ற பக்கத்தைத் தொடாமலேயே தாண்டிப்போய், பங்காளி நின்ற இடத்தில் ஒரு வாளி மண்ணைக் கொட்டினார். துண்டு எடுக்க வந்த நெட்டை அதைப் பார்த்துவிட்டான்.

"என்னங்க இவ்வளவு பெரிய குழி?"

"இவரு ஆடினா எப்பவுமே இப்படித்தான். ரெண்டு பேரு மிதிச்ச மாதிரி இருக்கும்."

நெட்டை தன் காலடியைப் பார்த்தான். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பங்காளியின் முழங்கால்களைப் பார்த்தான்; அவை பூசணிக்காய் போல வீங்கியிருந்தன.

"என்னை எறக்கி விடுங்கண்ணே."

"எப்படின்னு தெரியலப்பா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன். என்னோட கனத்தையும் குடுங்க, உங்களோடதையும் குடுங்க."

அப்போது ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது செட் இழுபறியாகப் போய், எதிரணிக்கு ஒரே புள்ளி பாக்கி என்று ஆனது. பங்காளி வலைக்கு முன்னால் குனிந்து, முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்களைக் காட்டினார். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. நெட்டை கணுக்கால்வரை செம்மண்ணில் புதைந்து நின்றான். அப்படியே சர்வ் போட்டான். பங்காளி எழும்பினார். அவருடைய நிழல் அவருடைய ஷூவிலிருந்து பிரிந்து, தனியாகத் தரையில் கிடந்தது. எதிராளி திருப்பி அடித்த பந்து, பத்தாயிரம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு தடுத்த பந்து, தாழ்வாக வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பதினாறு வருடம் கழித்து வலிக்காத தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அவர் காலுக்கு அடியில் நுழைந்து, கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

கோப்பை போயிற்று. "என்னாலதாண்ணே போச்சு" என்று நெட்டை தேம்பித் தேம்பி அழுதான். ஆனால் அசையவில்லை, இருவர் எடையையும் தாங்கியபடி அங்கேயே நின்றான். ஆட்டம் முடிந்தால் இறங்கிவிட வேண்டியவர் இறங்காமல் இருந்தார். முன்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கத்தினார்.

"வலிக்குதா?"

பங்காளி இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப எறங்காதீங்க! கொஞ்ச நேரம் அங்கேயே இருங்க!"

அவர் இருந்தார். பரிசு கொடுக்க வந்தவர் கையை நீட்டி வெள்ளித் தட்டை மேலே கொடுத்தார். விழா அதிகாரி மைக் கம்பியின் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் உயர்த்தி, மறுபடி இறுக்கிவிட்டு, இரண்டாம் பரிசு பெற்றவர் இப்போது பேசலாம் என்றார்.